கீழ்க்கணக்குக்கு வந்த சுவாமியும் எங்கள் அண்ணனும்

வெள்ளிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு எல்லாம் தவறிப்போகத் தொடங்கியது. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம், பிள்ளைக் காம்பராவின் சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழேதான் அண்ணன் உட்கார்ந்தார்.

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்தக் கட்டடம், வெள்ளிதோறும் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு எங்கள் கூட்டு வழிபாட்டுக்கு இடமாகும். கொட்டகலையில் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் நான் பஸ் பிடித்து வந்துவிடுவேன். அண்ணன் எனக்கு முன்பே வந்து தொட்டில்களை ஓரமாக ஒதுக்கி, தரையைக் கூட்டி, பாய் விரிக்கத் தொடங்கியிருப்பார். அன்று ஒரு பாயைப் பாதி விரித்தவர், அப்படியே விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. நெஞ்சுல வாயு. நீ சூடத்தட்ட எடுத்து வையி."

தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். வெளியே மழை, சால்வை போர்த்தியும் குளிர் தாங்கவில்லை. அண்ணனின் சட்டை மட்டும் வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடந்தது.

கொழுந்து லொறியில் ஏற்றிப் பெரிய ரோடு வரை கொண்டுபோனோம். அங்கே அம்புலன்ஸ் வந்து சேர்ந்தது. லொறியில் என் மடியில் தலை வைத்திருந்தவர் ஒரு தரம் கண்ணைத் திறந்து, "காம்பரா கதவச் சாத்தினீங்களா? எலி வந்து பிள்ளைங்க பால் மாவ நக்கிரும்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியது எனக்கு விளங்கவில்லை. மறுநாள் விடிந்து சிறிது நேரத்தில் ஆஸ்பத்திரியில் காலமானார்.

கருமாதி நாளில் உங்கள் கைக்கு வரும் இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றி எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டார். எழுத உட்கார்ந்த போதெல்லாம் கை ஓய்ந்துவிட்டது. மழை பெய்தால் இன்னமும் மகனுக்குப் போன் எடுத்து, எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறேன். அவன் சலித்துக்கொண்டே பதில் சொல்கிறான். இந்தக் களைப்போடுதான் எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் இதே தோட்டத்தின் மேற்கணக்கு லயத்து வரிசை வீடு ஒன்றில் பிறந்தவர். எங்கள் தோட்டம் மலையின் மேலும் கீழுமாக இரண்டு பிரிவுகள். மேலே உள்ளது மேற்கணக்கு, கீழே உள்ளது கீழ்க்கணக்கு. அப்பா தேயிலை மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து படுத்தபோது அண்ணன் படித்துக்கொண்டிருந்தார். படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்டத்தில் பேர் பதிந்தார். தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டினார், மருந்து அடித்தார், பின்னாளில் கங்காணி ஆனார். தங்கையான என்னைப் படிக்க வைத்தவர் அவர். ஆசிரியர் நியமனம் கிடைத்த அன்று நான் அழுததைப் பார்த்து, "இதுக்கேன் அழுகுற, பிள்ளைங்கதான் இனி அழும்" என்றார்.

மலையில் கொழுந்து எடுப்பவர்களிடம் அவர் போட்ட சத்தம் அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும். பாடினால் சுருதி சேராது. அது தெரிந்தும் முதல் பாட்டை யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டார். பிடித்த பிடியை விடாதவர். அண்ணியைக் கேட்டால் இன்னும் சொல்வார்.

அவர் பிடித்துக்கொண்டவற்றில் பெரியது, ஒரு சுவாமி எங்கள் தோட்டத்துக்கு வந்த நாளில் தொடங்கியது. என் மகன் அப்போது கைக்குழந்தை. தமிழ்நாட்டில் ஓர் ஆசிரமத்திலிருந்து கொழும்புக்கு வந்திருந்த அந்தச் சுவாமி, மலைத் தோட்டங்களையும் பார்க்க விரும்பினார். மேற்கணக்குக் கோயில் கமிட்டியில் அண்ணன்தான் செயலாளர். யார் யாரையோ பிடித்து எங்கள் தோட்டத்துக்கும் ஒரு மாலைப்பொழுதை வாங்கிவிட்டார். கோயில் முன்னே பந்தல் போட்டார்கள். ஹட்டனிலிருந்து நாதஸ்வரம் வந்தது. சுவாமி அமர்வதற்குத் துரை பங்களாவிலிருந்து மெத்தை வைத்த நாற்காலியை இரவல் வாங்கி, நாலு பேர் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கீழ்க்கணக்கின் கடைசி லயத்தில் தப்பு மேளம் அடிக்கும் குடும்பங்கள் இருந்தன. திருவிழாவுக்கும் சாவுக்கும் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவது என்றால் ஓர் ஆளை அனுப்புவது. அந்த ஆள் லயத்துக்கு வெளியே நின்று, இன்ன வீட்டில் சாவு என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவான்; அவர்கள் கட்டாயம் வர வேண்டும். பாடைக்கு முன்னால் அடித்துக்கொண்டு நடப்பார்கள். வீட்டுக்குள் வர மாட்டார்கள். அந்த லயத்தில் மேற்கணக்கார் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. இது எங்கேயும் எழுதி வைத்த சட்டமல்ல. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சுவாமி வரும் நாளில் அவர்களைச் சந்தியில் நிற்கும்படி அண்ணன் ஏற்பாடு செய்திருந்தார். பெரிய ரோட்டிலிருந்து வரும் பாதை அங்கேதான் மேற்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்குமாகப் பிரிகிறது. சுவாமியின் வேன் வந்ததும் மேளம் அடித்து மேலே அனுப்பிவிட்டு, அவர்கள் அங்கேயே நின்றுவிட வேண்டும். பந்தலில்தான் நாதஸ்வரம் இருக்கிறதே.

மத்தியானம் வர வேண்டிய வேன் வரவில்லை. கினிகத்தேனைக்குப் பக்கத்தில் லொறி ஒன்று குடைசாய்ந்து ரோடு அடைபட்டுப் போயிருந்தது. மூடுபனியும் இறங்கிவிட்டது. சந்தியில் நின்றவர்களுக்கு யாரும் ஒரு வாய் தேத்தண்ணீர்கூட அனுப்பவில்லை. பொழுது சாயும் நேரத்தில், இனி யாரும் வரப்போவதில்லை என்று அவர்கள் வீட்டுக்குத் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் வேன் வெளிச்சம் தெரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை, அன்று இளைஞராக மேளத்தோடு நின்ற செல்லமுத்து அவர்கள் சொல்லித்தான் கேட்க வேண்டும். எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் அவர் சொல்லியிருக்கிறார். அண்ணனை வைத்துக்கொண்டே சொல்வார்.

"வெளிச்சத்தக் கண்டதும் நடந்துக்கிட்டே அடிக்க ஆரம்பிச்சிட்டோம். டிரைவர் கொழும்பு ஆளு. மேளம் முன்னுக்குப் போகுது, நாம பின்னுக்குப் போகணும்னு நெனச்சிட்டான். திரும்பிப் பாத்தா வேன் எங்க பின்னாலயே வருது. நான் அப்பாவப் பாக்குறேன், அப்பா என்னையப் பாக்குறாரு. 'டேய், நிறுத்திறாத. நிறுத்தினா கங்காணி தோல உரிச்சிருவாரு'ங்கிறாரு. சரின்னு அடிச்சோம். ரோடு எங்க லயத்துல வந்து முடிஞ்சிருச்சு. அதுக்கு மேல தேயிலதான். எங்க போறது?"

"நான் எப்படா தோல உரிச்சேன்?" என்பார் அண்ணன்.

"உரிக்கல. அந்தப் பயத்துலதான் சாமி எங்க வீட்டுக்கு வந்தாரு. அதுக்கு ஒங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

மேலே பந்தலில் நாங்கள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றோம். கிட்ட வர வேண்டிய மேளச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப் போய்க்கொண்டிருந்தது. அண்ணனுக்கு விளங்கிவிட்டது. குடையைத் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஓடினார். குழந்தையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு நானும் பின்னால் போனேன்.

சுவாமி, செல்லமுத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் இஞ்சி போட்ட பிளேன்டீ, மறு கையில் சீனிக்குப் பதிலாகக் கடித்துக்கொள்ள ஒரு துண்டுக் கருப்பட்டி. சுற்றிலும் லயமே கூடி நின்றது. எப்படி நிற்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. "சாமி, எடம் மாறிப் போச்சுங்க. மேல பந்தல் போட்டு எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"இவங்களும் காத்துக்கிட்டுதான் இருந்திருக்காங்க," என்றார் சுவாமி. "மத்தியானத்திலிருந்து ரோட்டுல நின்னாங்களாம். ஏதாவது குடிச்சீங்களான்னு கேட்டேன். இல்லைன்னாங்க. அப்படிச் சொன்னவங்கதான் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாங்க."

சந்தியில் அவர்களை நிறுத்தியவர் அண்ணன்தானே.

"ஓடி வந்திருக்கீங்க. நீங்களும் ஒரு டீ குடிங்க."

செல்லமுத்துவின் அம்மா கிளாசைக் கழுவி, டீ ஊற்றிக்கொண்டு வந்தார். கொடுப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தயக்கம். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே குடித்து முடித்தார். வாய் சுட்டிருக்கும். மேற்கணக்கிலிருந்து பின்னாலேயே இறங்கி வந்தவர்கள் பாதையில் நின்று அதைப் பார்த்தார்கள்.

சுவாமி பிறகு மேலே வந்தார். மேளக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். மெத்தை நாற்காலியில் உட்காரவில்லை. பேச்சும் நீளமில்லை. "வாரத்துல ஒரு நாள் எல்லாரும் ஒரே பாயில உட்கார்ந்து பாடுங்க. அதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்லை," என்றார். சனம் ஏமாந்துபோனது உண்மை; பெரிய உபதேசத்தை எதிர்பார்த்திருந்தார்கள். மறுநாள் காலை வேறு தோட்டத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். பிறகு அவர் இந்தப் பக்கம் வரவேயில்லை.

அவர் சொன்ன ஒரு நாளை அண்ணன் பிடித்துக்கொண்டார். மேற்கணக்குக் கோயிலில் இடம் தர மாட்டோம் என்றார்கள். கீழ்க்கணக்குக் கோயிலுக்கு மேலேயிருந்து ஒருவரும் இறங்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது பிள்ளைக் காம்பரா. எல்லாப் பிள்ளைகளும் ஒரே தொட்டிலில் மாறி மாறித் தூங்குகிற இடம். அங்கே யாரும் நியாயம் பேச முடியாது என்பது அண்ணனின் கணக்கு. துரையிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கினார். முதல் மாதங்களில் அண்ணன், அண்ணி, செல்லமுத்து, நான், இவ்வளவு பேர்தான். "கீழ்க்கணக்குல டீ குடிச்சதுலேர்ந்து கங்காணிக்குப் புத்தி பேதலிச்சிருச்சு" என்றார்கள் மேலே. "எதுக்கோ வேல வாங்கத்தான் கூப்பிடுறாங்க" என்றார்கள் கீழே. இரண்டு பேச்சும் அண்ணன் காதுக்கு வரும். வெள்ளிக்கிழமை வந்தால் பாய் விரிப்பார்.

கோயில் கமிட்டியிலிருந்து விலக்கினார்கள். எங்கள் சொந்தத்திலேயே ஒரு கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை. அண்ணி அதற்காக அழுதார். அண்ணன் வழக்கம்போல மலைக்குப் போனார். மெல்ல மெல்ல ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தாய்மார் பிள்ளையைக் கூட்ட வந்து, மழைக்கு நின்று, ஒரு பாட்டுக் கேட்டுவிட்டுப் போனார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். இன்று காம்பரா நிறைந்து வாசலிலும் பாய் போட வேண்டியிருக்கிறது. இது அதுவாக நடந்ததல்ல. அண்ணனின் வாழ்நாளில் பாதி அதில் போயிற்று.

சாவுக்கு ஆள் அனுப்பி மேளத்தைக் கூப்பிடும் வழக்கத்தையும் அவர் எதிர்த்தார். தன் பொறுப்பில் இருந்த எந்தச் சாவுக்கும் அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமைப் பாட்டு முடிந்து எல்லோரும் தேத்தண்ணீர் குடிக்கும்போது பலமுறை சொன்னார்: "என் சாவுக்கும் யாரையும் ஆள் விட்டுக் கூப்பிடக் கூடாது. வர்றவங்க தானா வரட்டும்."

"அப்ப யாரு கங்காணி வருவா?" என்பார் செல்லமுத்து. "நீங்க பாட மாட்டீங்கன்னு உறுதியாத் தெரிஞ்சாத்தான் வருவாங்க."

இந்தப் பேச்சுத்தான் இறுதிச் சடங்கு நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

அண்ணனுக்கு ஆண் பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் தங்கை மகனான என் மகன். கொழும்பில் வேலை செய்கிறான். சனிக்கிழமையே புறப்பட்டவன் கினிகத்தேனைக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது என்று ஒரு தரம் பேசினான். பிறகு போன் வேலை செய்யவில்லை. ஒரு பக்கம் அண்ணன் கிடத்தப்பட்டிருக்கிறார். மறுபக்கம் என் பிள்ளை எந்த மலை அடிவாரத்தில் நிற்கிறானோ என்று தெரியாது. அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு மத்தியானம், முழங்கால் வரை சேற்றோடு நடந்தே வந்து சேர்ந்தான். அவனைக் கட்டிக்கொண்டு அழுதது மாமனுக்காகத்தான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

டயகமவிலிருந்து எங்கள் தாய்மாமன் வந்திருந்தார். எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர் சொல்தான் முதல். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, மேளத்துக்குச் சொல்லியாச்சா?"

"இல்லீங்க மாமா. ஆள் அனுப்பக் கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்காங்க."

"கொட்டு இல்லாமத் தூக்கினா அது சாவாம்மா? யூனியன் கூட்டம் கலைஞ்சு போற மாதிரி இருக்கும். செத்தவனுக்கென்ன, கெடக்கிறான். நிக்கிறவன் மானம்தானே போகுது."

"மாமா, வேணாங்க."

நான் உள்ளே போனதும், மாமா எனக்குத் தெரியாமல் ஓர் ஆளை அனுப்பிவிட்டார். போனவர் பழைய முறைப்படியே லயத்துக்கு வெளியே நின்று குரல் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்து சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு விஷயமே தெரியும்.

"செல்லமுத்து வீட்டுல இல்லையாம். அந்த லயத்துலேயே ஆம்பளைங்க ஒருத்தரையும் காணோம். பொம்பளைங்க கதவுக்கிட்ட நின்னு கேட்டுக்கிட்டாங்க. ஒரு வார்த்த பேசல."

முந்தின நாள் முழுவதும் வாசலில் நின்றவர்கள் அவர்கள். இப்போது ஒருவர்கூட இல்லை. அண்ணி என்னைப் பார்த்தார். "போச்சு," என்றார். அண்ணன் இத்தனை காலம் பாய் விரித்துச் சேர்த்ததெல்லாம், அவர் உடம்பு வீட்டை விட்டுப் போகும் முன்பே ஒரு குரலில் கலைந்துபோய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன். மாமாவிடம் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. மழை மீண்டும் இருட்டிக்கொண்டு வந்தது. இனிக் காத்திருக்க முடியாது, தூக்கிவிடலாம் என்றார்கள். மகன் ஈர வேட்டியோடு தயாராக நின்றான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன், நன்றி சொல்லிவிடுகிறேன். அழுகையில் யாருக்கும் முறையாகச் சொல்லவில்லை. மழையில் லொறியை நிதானமாக ஓட்டி வந்த சாரதிக்கும், அம்புலன்சில் வந்து அண்ணனோடு சிங்களத்தில் பேசிப் பேசியே நினைவு தப்பாமல் வைத்திருந்த தம்பிக்கும், ஆஸ்பத்திரியில் கவனித்த தாதிமாருக்கும் நன்றி. அன்று மாலை எங்கள் பின்னால் காம்பராக் கதவைச் சாத்தி, பாதி விரித்த பாயைச் சுருட்டி வைத்த, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மாவுக்கும், தோட்ட நிருவாகத்துக்கும், சமைத்துக் கொடுத்த லயத்து வீடுகளுக்கும், என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றி. தாய்மாமன் அவர்களுக்கும் நன்றி. தாம் ஆள் அனுப்பியதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதும்மா. நான் சொன்னதையும் எழுது. அப்புறம் நான் செஞ்சதையும் எழுது," என்றார். அவர் செய்தது இது: பெட்டியின் முன்பக்கம் வலது புறம் தாய்மாமனுக்கு உரிய இடம். அந்த இடத்தை அவர் அன்று விட்டுக் கொடுத்தார்.

யாருக்கு என்றால், கடைசியாக வந்தவருக்கு.

பெட்டியை மூடப் போகும் நேரத்தில் குறுக்குப் பாதையில் ஆட்கள் வருவது தெரிந்தது. செல்லமுத்து முன்னால் வந்தார். பின்னால் கீழ்க்கணக்கு ஆண்கள் எல்லோரும். தலை ஈரம். வெளுத்த வேட்டி. நெற்றி நிறையத் திருநீறு. ஒருவர் கையிலும் மேளம் இல்லை.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். "மேளம் எங்கப்பா?"

"வீட்டுல இருக்குங்க."

"ஆள் அனுப்பினமே, சொல்லலையா?"

"வந்து சத்தம் போட்டுட்டுப் போனாராம். நாங்க அப்ப அங்க இல்லீங்க. மயானத்து ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு. பெட்டி போகணுமேன்னு காலையிலேர்ந்து அள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தோம். அப்புறம் பீலித் தண்ணியில குளிச்சிட்டு வர்றோம். குளிக்காம வந்தா கங்காணி பாயில உட்கார விட மாட்டாரே."

வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். அண்ணனின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், எங்க அப்பா, அவங்க அப்பா, எல்லாரும் பாடைக்கு முன்னால நடந்தவங்க. ஒருத்தரும் தூக்கினதில்ல. நான் இன்னைக்கு முன்னால நடக்க வரல. தோள் குடுக்க வந்திருக்கேன். எனக்கு எந்தப் பக்கம்னு சொல்லுங்க."